முதல் எதிரியைக் கையெழுத்துக்குக் கூட்டிப்போனவள்

என் தையல் கடையில் காஜா எடுப்பவள் நேரம் தவறாதவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் அவள் தாமதமாக வந்ததைப் பற்றித்தான் நிறையப் புலம்பப் போகிறேன். காஜா என்றால் சட்டையில் பொத்தான் நுழைகிற துளையைக் கீறி, ஓரம் பிரிந்துவிடாமல் சுற்றிலும் நெருக்கமாக நூல் கட்டுவது. மெஷினிலும் போடலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் கைக்காஜாதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்கள். ஒன்பது வருடமாகக் காலை ஒன்பது மணிக்கு வந்து ஜன்னல் ஓரத்து ஸ்டூலில் உட்காருவாள். வாய் பேசிக்கொண்டே இருக்கும், ஊசி போய்க்கொண்டே இருக்கும். ஊசி நின்றால்தான் நாங்கள் பயப்பட வேண்டும். கடையில் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவள் கணவர் வாட்ச்மேன். ஊருக்கு வெளியே ஒரு மின்சாமான் கிடங்கில் பதினேழு வருடக் காவல். காக்கிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். விடுங்கள் என்றாலும் விடமாட்டார். பிறகு சட்டை இறுக்குகிறது என்று என்னிடமே சண்டைக்கு வருவார். வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கண் அசந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. பக்கத்துக் கிடங்கு வாட்ச்மேனைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், அவன் தூங்குவான் என்று கதையை முடித்துவிடுவார். திருடன் என்பதைவிட அது அவருக்குப் பெரிய வசவு. ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று நானும் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அந்தக் கிடங்கிலிருந்து பன்னிரண்டு சுருள் செப்புக் கம்பி ஒரு வேனில் ஏறிப் போய்விட்டது. மூன்றாம் நாள் வேன் பிடிபட்டது, கம்பியும் கிடைத்தது. வேன் டிரைவர் கிடங்கு சூப்பர்வைசரைக் கைகாட்டினான். ஆனால் கிடங்கு வாசலுக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி சூப்பர்வைசரிடம், இன்னொன்று வாட்ச்மேனின் சட்டைப்பையில். இரண்டும் திறந்தால்தான் வேன் உள்ளே நுழைய முடியும். போதாததற்கு வாட்ச்மேன் மணிக்கொரு முறை கிடங்கைச் சுற்றி வந்து, ஒரு நோட்டில் நேரத்தைப் போட்டு, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். வேன் வெளியே போனது இரண்டேகாலுக்கு என்று எதிர்ப்பக்கத்து கேமரா காட்டியது. நோட்டிலோ இரண்டு மணி, எல்லாம் சரி. மூன்று மணி, எல்லாம் சரி. போலீசுக்கு வேறென்ன வேண்டும்? சூப்பர்வைசர் முதல் எதிரி, வாட்ச்மேன் இரண்டாம் எதிரி, டிரைவர் மூன்றாம் எதிரி என்று மூன்று பேரையும் உள்ளே தள்ளினார்கள். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் சொல்வார்கள். ஈக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர், யாருக்கு எதிரி என்று காஜாக்கா என்னிடம் கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.

அவளுடைய வக்கீல் ஒரு அம்மா. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறையில் ஆபீஸ். உட்கார வேண்டிய நாற்காலிகளில் கட்டுக்கட்டாகக் காகிதம் உட்கார்ந்திருக்கும். அந்த அம்மாவுக்கு ஜலதோஷம் விட்டு நான் பார்த்ததே இல்லை. கோர்ட்டுக் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு துணை வேண்டும் என்று காஜாக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். இருந்தாலும் போவேன். கடையை யார் பார்ப்பது என்று புலம்பிக்கொண்டே போவேன்.

முதல் மனுவில், அவர் ஒரு பாவமும் அறியாதவர், ஜாமீன் கொடுங்கள் என்று கேட்டார்கள். தள்ளுபடி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது மனுவிலும் அதையே இன்னும் நீளமாகக் கேட்டார்கள். அதுவும் தள்ளுபடி. காவலுக்கு இருந்தவரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், நோட்டிலும் பொய்யாக எழுதியிருக்கிறார் என்று அரசு வக்கீல் சொன்னாராம். டிரைவருக்கு மட்டும் ஜாமீன் கிடைத்தது. அவன் வண்டி ஓட்டியவன், சாவி வைத்திருந்தவன் இல்லை, அதனால் அவன் கதை வேறு என்றார்கள். காஜாக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் நான்கு சட்டை முடித்தாள். அன்று கடையே துக்க வீடு மாதிரி இருந்தது.

பிறகு சூப்பர்வைசர் மேல் கோர்ட்டுக்குப் போய் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். பொருள் கிடைத்துவிட்டது, போலீஸ் விசாரணை ஏறக்குறைய முடிந்துவிட்டது, இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது என்று உத்தரவில் எழுதியிருந்ததாம். தினமும் காலை பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. இதைக் கேட்டதும் காஜாக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணமானவன் வெளியே காற்று வாங்குகிறான், ஒன்றும் செய்யாதவர் உள்ளே கிடக்கிறார் என்று வக்கீலம்மா மேசையைத் தட்டிக் கேட்டாள். வக்கீலம்மாவுக்கோ முகத்தில் ஒரு தெளிவு. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது நமக்கு நல்லதும்மா. தப்பே பண்ணலைன்னு ரெண்டு தடவை கேட்டோம், ரெண்டு தடவையும் தள்ளிட்டாங்க. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். முதல் எதிரிக்குக் குடுத்ததை இவருக்கும் குடுங்கன்னு மட்டும் கேப்போம். ரெண்டு பேரும் ஒரே நிலைமையில இருக்காங்க. ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு இன்னொண்ணு இருக்கக் கூடாது."

"அப்ப எங்க வீட்டுக்காரரும் திருடன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"திருடன்னு இல்ல. அவர் எப்படியோ, இவரும் அப்படி."

அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. வக்கீலம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்த அறையில் எத்தனை பேர் அழுதிருப்பார்கள், எத்தனை பேருக்கு அந்த அம்மா இதையே சொல்லியிருப்பார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் போய் நிற்கச் சொன்னார். காஜாக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது, மனுவில் சொல்வதெல்லாம் சத்தியம் என்று கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தில் அவள் கையெழுத்துதான் வேண்டும், அவர் உள்ளே இருக்கிறார் என்று மேலிருந்து வக்கீலம்மாவின் குரல் வந்தது. அப்போதைக்கு மனுவை மட்டும் மேல் கோர்ட்டில் போட்டு வைத்தார்கள். பத்திரத்தை நீதிபதி மனுவைக் கேட்பதற்கு முன் கொடுத்தால் போதுமாம்.

ஒரு வாரம் போனது. வக்கீலம்மாவின் குமாஸ்தா வேறு வேலையாக ஸ்டேஷனுக்குப் போனவர் ஒரு சேதி கொண்டு வந்தார். சூப்பர்வைசர் இரண்டு நாளாகக் கையெழுத்துக்கு வரவில்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு எழுதிவிடுவோம் என்று ஸ்டேஷனில் நோட்டு எழுதுகிற ரைட்டர் சொன்னாராம். அவனுக்கு ரத்தாகட்டும், நல்லா வேணும் என்றாள் காஜாக்கா. வக்கீலம்மா தும்மிவிட்டு, அவருக்கு ரத்தானால் நாம் யாரைக் காட்டிக் கேட்பது என்றார். அவர் ஜாமீன்தான் நம் மனுவுக்குக் கால். அது போனால் மனு நிற்காது.

இது நடந்தது மாலையில். மறுநாள் காலை எட்டரை மணிக்குக் காஜாக்கா சூப்பர்வைசர் வீட்டு மாடிப்படி ஏறினாள்.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. வழக்கு வந்ததும் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மனுஷன் குடிக்கு நன்றாகவே பழகியிருந்தார். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகுதான் துண்டோடு வந்து திறந்தாராம். வாட்ச்மேன் பெண்டாட்டியைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனார். அவள் கேட்டது ஒன்றுதான்: கையெழுத்துக்கு நேரமாகிறது, குளிக்கிறீர்களா இல்லையா? அவர் குளித்து வருகிறவரை படியில் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நடக்க அவளால் முடியவில்லை. தெரு முனையில் நிறுத்தி, கைப்பையில் எப்போதும் கிடக்கிற ஊசியை எடுத்து, அவர் உடம்பிலேயே வைத்துத் தைத்துவிட்டாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிறவன் ஒழுங்காகப் போக வேண்டாமா மாஸ்டர் என்று என்னையே கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. ஞாயிறு உண்டு, மழை உண்டு, அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாளும் உண்டு. எட்டரைக்கு மாடிப்படி, பத்தரைக்கு ஸ்டேஷன், கடைக்கு வந்து சேர பதினொன்றே முக்கால். பாதி நாள் போய்விடும். விட்ட வேலையை ஈடுகட்டச் சட்டைகளை வீட்டுக்கு எடுத்துப் போவாள், கண் சிவந்து திரும்புவாள். வாடிக்கையாளர்கள் என் தலையை உருட்டினார்கள். நான் அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஒரு நாள், உன் புருஷனைக்கூட நீ இப்படி எழுப்பி அனுப்பியிருக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரை எழுப்ப வேண்டியதே இல்லை மாஸ்டர், அவர் தூங்கினால்தானே என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

தெருவில் வேறு மாதிரியும் பேசினார்கள். புருஷன் ஜெயிலில், இவள் அந்த ஆளோடு தினம் ஜோடி போட்டு நடக்கிறாள் என்று. அவள் காதுக்கும் அது வந்தது. பதில் சொல்லக்கூடத் தெம்பு இல்லாமல், பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

மேல் கோர்ட்டில் மனு மூன்று முறை தள்ளிப்போனது. ஒரு முறை அரசு வக்கீல் வரவில்லை, ஒரு முறை வழக்குக் கட்டு வரவில்லை, ஒரு முறை நேரம் வரவில்லை. வழக்கு ஒன்று இருக்கிறதே தவிர அதற்கு வேண்டியவர்கள் எல்லோரும் வேறெங்கோ இருப்பார்கள்.

இருபத்தோராவது நாளோ இருபத்திரண்டாவது நாளோ, ஸ்டேஷனில் ரைட்டர் இல்லை. கையெழுத்து நோட்டு அவர் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. வருகிறவரை உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முதல் எதிரியும் இரண்டாம் எதிரியின் மனைவியும் ஒரே பெஞ்சில். அன்று அவர் குடித்திருக்கவில்லை. அதுதான் காரணமோ என்னவோ. குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினாராம்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க எனக்குத் தெம்பில்ல. சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது. இன்னொரு வாட்ச்மேன் லீவு. முந்தின நாளும் அன்னிக்கும் ரெண்டு ஷிப்டும் இவர்தான். நான்தான், கொஞ்ச நேரம் படுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் படுத்தாரு. சாவி அதுலதான் இருந்துச்சு."

ரைட்டர் வந்தார், நோட்டு வந்தது, அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், இதைக் கோர்ட்டில் சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறாள். சொன்னால் நான் மறுபடி உள்ளே போகணுமே அக்கா என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் சொன்னதாகச் சொன்னால், நான் இல்லை என்றுதான் சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். திருடனுக்குள்ளும் ஒரு ஒழுங்கு.

அன்று கடையில் ஊசி நின்றது. பாதிக் காஜாவில் சட்டை மடியில் கிடக்க, எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். நான் நோட்டைப் பற்றிக் கேட்டேன். தூங்கினவர் இரண்டு மணி, மூன்று மணி என்று எப்படி எழுதினார்? கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்திருந்தது. எழுந்ததும் விட்டுப்போன மணிகளையெல்லாம் மொத்தமாக எழுதிவிட்டார். கம்பி போனது அப்போது அவருக்குத் தெரியாது. தூங்கியது தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. போலீஸ் பிடித்தபோதும் அதையே பிடித்துக்கொண்டார். விழித்திருந்தேன், சுற்றி வந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. விழித்திருந்தவன் கண்முன்னால் வேன் எப்படி வந்தது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். வேறு எந்தத் தொழில்காரனாவது இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வானா? எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வக்கீலம்மாவிடம் ஓடினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். தூங்கினார் என்பதைக் கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், ஆனால் வழக்கு நடக்க இரண்டு வருடமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். ஜாமீன் மனுவில் அதைக் கொண்டுவந்தால், சூப்பர்வைசர் மறுப்பார், நம் ஆளே மறுப்பார். பிறகு அவர் வேறு, இவர் வேறு என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைத்தானே அரசு வக்கீலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அவர் தூங்கினாருன்னா நிரபராதிம்மா. ஆனா நிரபராதிக்கு ரெண்டு வருஷம் ஆகும். அவனை மாதிரிதான் இவரும்னா அடுத்த வாரமே வந்துடலாம். நீங்கதான் சொல்லணும்."

காஜாக்கா முதலில் கணவரிடமே கேட்டுவிடலாம் என்று சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிற இடம் அது. அவளும் கத்தினாள், தூங்கினீங்களா என்று. அவர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினார். கொலை வழக்கில் இருப்பவன் ஒரு பக்கம், கொள்ளை வழக்கில் இருப்பவன் இன்னொரு பக்கம். அவர்கள் காதில் விழுந்துவிடுமாம். நான் தூங்கவில்லை, நோட்டைப் போய்ப் பார், ஒவ்வொரு மணிக்கும் எழுதியிருக்கிறேன் என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வலையைப் பார்த்துச் சொன்னார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

அங்கிருந்து நேராக வக்கீலம்மா அறைக்குப் போய், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். முதல் எதிரியும் என் கணவரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். பொய் என்று தெரிந்து ஒன்றில் கையெழுத்துப் போடுகிறேன் மாஸ்டர் என்றாள். போடு என்றேன். வேறென்ன சொல்ல?

நான்காவது தடவை எல்லாமே வந்திருந்தன. நீதிபதி வயதானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் காகிதம் படித்தார். அரசு வக்கீல் வழக்கம்போல நோட்டைப் பற்றிச் சொன்னார். காவலாளி என்பதால் இவர் செய்தது இன்னும் பெரிய துரோகம் என்றார். வக்கீலம்மா எழுந்து, அன்று ஏனோ தும்மாமல், நிதானமாகக் கேட்டார்: போலீஸ் சொல்கிறபடியே வைத்துக்கொண்டாலும் ஆளுக்கொரு சாவி. மேலதிகாரிக்கு ஜாமீன் உண்டு, அவருக்குக் கீழே இருந்தவருக்கு இல்லையென்றால் எப்படி? நீதிபதி, முதல் எதிரி நிபந்தனையை மதித்து நடக்கிறாரா என்று கேட்டார். அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டி, ஆரம்பத்தில் இரண்டு நாள் தவிர ஒழுங்காகக் கையெழுத்துப் போடுகிறார் என்றார். அதே நிபந்தனைகளோடு இவருக்கும் ஜாமீன் என்று நீதிபதி சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். எல்லாம் நாலு நிமிடம்கூட இருக்காது. அந்த நாலு நிமிடத்துக்காக அவள் முப்பத்தொரு நாள் அந்த மாடிப்படி ஏறியிருந்தாள்.

ஜாமீன் நிற்க இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவன் நான். வீட்டு வரி ரசீதைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினேன், என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்னொருவர் என் கடை மெஷின்காரரின் மச்சான். காகிதமெல்லாம் ஓடி முடிந்து மூன்றாம் நாள் மாலை வாட்ச்மேன் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையிலேயே அவளோடு கடைக்கு வந்துவிட்டார். பத்தரைக்கு அவரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதுவரை இங்கே உட்காரட்டும் என்று கூட்டி வந்திருந்தாள். எனக்கு நன்றி சொன்னார். கையில் உத்தரவின் நகல் இருந்தது. அதை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல ஜன்னலோரம் காஜாவில் இருந்தாள்.

"அவனும் நானும் ஒண்ணுன்னு நீதான் கையெழுத்துப் போட்டியா?" என்றார்.

"நான்தான்."

"பதினேழு வருஷம் நான் எப்படிக் காவல் காத்தேன்னு தெரிஞ்சும்..."

ஊசி நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்தொரு நாள் அவனை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அவன் திருடன். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனா அவன் எங்கிட்ட உண்மையைச் சொன்னான். நீங்க சொல்லலை. உங்களை அவனோட சேர்த்து எழுதினது உங்களுக்குக் குறைச்சல்னு நினைச்சு நான் சாப்பிடாம கிடந்தேன். இப்ப யோசிச்சா, அது அவனுக்குத்தான் குறைச்சலோன்னு தோணுது."

நான் டேப்பை எடுக்க மறந்து நின்றேன். வாடிக்கையாளர் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். மெஷின்களும் ஓய்ந்துவிட்டன. வாட்ச்மேன் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்தார். யாரையும் பார்க்காமல், கடையின் நடுவில் எங்கோ பார்த்துச் சொன்னார்.

"தூங்கிட்டேன். ரெண்டு மணிக்கு முன்னாடியே படுத்தேன், எந்திரிச்சப்ப நாலு. நோட்டுல மொத்தமா எழுதிட்டேன். அவன் படுக்கச் சொல்லலைன்னாலும் தூங்கியிருப்பேன். ரெண்டு நாளா கண்ணு திறக்க முடியலை."

அந்த மனிதர் அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதைப் பார்த்த எனக்குத்தான் தெரியும். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இவ்வளவுதானா, இதைச் சொல்ல நாலு மாதச் சிறையா என்றுதான் இருந்தது. காஜாக்கா, போகிற வழியில் வக்கீலம்மா அறையில் ஏறி இதையே சொல்லுங்கள் என்றாள்.

"கோர்ட்டுலயும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

"அப்புறம் எவனும் என்னைக் காவலுக்கு வைக்க மாட்டான்."

"வைக்க வேண்டாம்."

அவர் மணியைப் பார்த்து எழுந்தார். கூட வரவா என்று அவள் கேட்கவில்லை, வா என்று அவரும் கூப்பிடவில்லை. கடைப்படி இறங்கி, வக்கீலம்மா அறை இருக்கிற பக்கமாகத்தான் திரும்பினார். அவர் தலை மறைந்த பிறகு அவள் முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அது மறுநாள் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டை.